காதுக்கு மேடை உண்டு, கண்ணுக்கு?

விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் கருவறையின் வெளிச்சுவர் மாடத்தில் ஓர் அர்த்தநாரீசுவரர் நின்றிருந்தார். சோழ அரசி செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் கற்றளியாக எடுப்பித்த கோயில் அது; சிலையும் சோழர் காலத்தது. 2004ஆம் ஆண்டு அந்தச் சிலை சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விலைபோயிற்று. விற்றவர் நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர். விலை ஏறத்தாழ 3 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். கோயில் மாடமோ காலியாக இருக்கவில்லை. புதிதாகச் செய்த வேறோர் அர்த்தநாரீசுவரர் அங்கே நின்றார்; கும்பிடுகிறவர்கள் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கலை ஆர்வலர்கள் சிலர் சிட்னிச் சிலையின் படத்தையும் கோயிலின் பழைய படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு சாட்சியாக நின்றது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லி வந்தபோது, இதேபோல் ஆஸ்திரேலியா போயிருந்த ஸ்ரீபுரந்தான் நடராசரோடு இந்தச் சிலையையும் இந்தியாவிடம் ஒப்படைத்தார்.

இதைத் திருட்டுக் கதையாக மட்டும் சொன்னால் பேச்சு பூட்டு, காவலாளி, கேமரா என்று போய் நின்றுவிடும். அவையும் வேண்டியவைதான். ஆனால் ஆயிரம் ஆண்டுச் சிலைக்கும் நேற்றுச் செய்த சிலைக்கும் உள்ள வேறுபாடு பூட்டுக்குத் தெரியாது. பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியும். இடுப்பு வளைகிற விதம், அணிகலன் உடம்போடு ஒட்டிக் கிடக்கிற விதம், முகத்தின் செதுக்கு எல்லாம் காலத்துக்குக் காலம் மாறும். மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் மூச்சு விடாமல் அடுக்கிச் சொல்லும் நமக்கு, மூர்த்தியின் மூக்கும் முழியும் மனத்தில் பதியவில்லை. இந்தக் குறைக்கு மருந்து பெரிய திட்டம் எதுவும் இல்லை. கடலூர் அரசு அருங்காட்சியகத்தில் மாதம் ஒரு மாலை, கலை வரலாற்றைப் பற்றி, பொதுமக்களுக்காக, தமிழில் ஒரு சொற்பொழிவு நடந்தால் போதும். சிதம்பரத்திலும் விருத்தாசலத்திலும் அதன் கிளைகள் நடக்கலாம். சாதாரணமாகத் தோன்றும் இந்த யோசனைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம்.

பேச்சைக் கேட்பது கடலூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றியது சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் என்பது மரபு. 1847இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், 1864இல் சிதம்பரத்தில் பள்ளி நிறுவினார். மருதூரில் பிறந்த வள்ளலார் வடலூரில் சத்திய ஞான சபையை எழுப்பினார். புராணப் பிரசங்கம், கதாகாலட்சேபம், பட்டிமன்றம் என்று மேடைக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்காரப் பழகிய மக்கள் இவர்கள். ஆனால் இந்த மேடைகள் எல்லாம் காதைப் பழக்கியவை. பேச்சாளர் கண்ணை மூடிக்கொண்டு பாடலாம். கேட்பவரும் கண்ணை மூடிக்கொண்டு ரசிக்கலாம். திருவதிகை வீரட்டானத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் உருக்கமாகப் பேசி முடிக்கிறவருக்கு, அங்கே விமானத்தில் உள்ள சுதைச் சிற்பங்களில் எது பழையது, எது பின்னால் பூசியது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய அவசியமே வராது. அது அவர் குற்றமாகாது. அந்த மேடையின் வேலை வேறு. கண்ணுக்கென்று ஒரு மேடையை நாம் போடவில்லை என்பதுதான் குறை.

கண்ணால் படிக்கும் கலை இந்த மண்ணில் இல்லாமலும் இல்லை. அதற்கு நல்ல சாட்சி கடலூர் திருப்பாதிரிப்புலியூர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ராய் என்ற பிரெஞ்சுக்காரர், தென்னிந்தியக் கோயில்களின் காலத்தைக் கணிக்க வழி தேடினார். கல்வெட்டு இல்லாத இடத்தில் கட்டடமே தன் வயதைச் சொல்லுமா என்பது அவர் கேள்வி. பாடலீசுவரர் கோயில் உள்ள திருப்பாதிரிப்புலியூரில் திருப்பணியில் இருந்த சிற்பிகளிடம் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்படிச் சேர்த்த அறிவு 1914இல் பாரீசில் பிரெஞ்சு நூலாகவும், 1917இல் சென்னையில் ஆங்கில நூலாகவும் வெளியாயிற்று. அதில் அவர் பிடித்த முக்கியமான துப்பு போதிகை. தூணின் தலைக்கும் மேலே கிடக்கும் உத்திரத்துக்கும் நடுவில், இரண்டு பக்கமும் கை நீட்டியதுபோல் இருக்கும் கல்தான் போதிகை. பல்லவர் கோயிலில் அதன் விளிம்பு வளைந்து, அலை அலையாக வரி ஓடும். சோழர் காலத்தில் சாய்வாக வெட்டுப்பட்டு, நடுவில் நாக்குப்போல் ஒரு துண்டு துருத்தி நிற்கும். அந்த நாக்கு நூற்றாண்டுகள் போகப்போக முன்னே நீண்டு, மொட்டாகத் திரண்டு, விஜயநகரத்தையும் நாயக்கரையும் எட்டும்போது வாழைப்பூவாகக் கீழே தொங்கத் தொடங்கும். தலையை நிமிர்த்தி இந்த ஒரு கல்லைப் பார்க்கத் தெரிந்துவிட்டால், மண்டபத்தின் காலத்தை ஒரு நூற்றாண்டு முன்பின்னாகச் சொல்லிவிடலாம். பழைய பாணியை வேண்டுமென்றே பின்பற்றிக் கட்டியவர்களும் உண்டு, திருப்பணியில் பழைய தூணை இடம் மாற்றி நட்டவர்களும் உண்டு என்பதால் இது முடிந்த முடிவாகாது. ஆனாலும் முதல் கேள்வி கேட்க இது போதும்.

கவனிக்க வேண்டியது அந்த அறிவு போன வழி. கடலூர்ச் சிற்பியின் வாயில் தமிழாக இருந்தது, புதுச்சேரி வழியாகப் பிரெஞ்சானது, சென்னையில் ஆங்கிலமானது. பல்கலைக்கழக நூலகங்களில் இடம் பிடித்தது. திரும்பக் கடலூருக்குத் தமிழாக வந்து சேரவே இல்லை என்று சொல்லலாம். போதிகை என்ற சொல் இன்றும் ஸ்தபதிகளுக்குத் தெரியும். கோயிலுக்குப் போகிற ஆசிரியருக்கும் வங்கி ஊழியருக்கும் கல்லூரி மாணவருக்கும் தெரியாது. சிதம்பரம் கோபுரங்களின் கதையும் இதுதான். அவற்றின் கட்டடக்கலையையும் சிற்பத்தையும் முழுமையாக ஆராய்ந்து ஜே.சி. ஹார்ல் எழுதிய ஆங்கில நூல் 1963இல் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்தது. நான்கு கோபுரத்தையும் அன்றாடம் சுற்றி வருகிறவர்களின் கைக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. வெளியிலிருந்து வந்து பார்த்தவர்கள்மேல் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் உழைத்தார்கள். அந்த உழைப்பின் பலனை ஊர்மொழியில் ஊருக்குத் திருப்பித் தரும் கை எது என்பதுதான் கேள்வி.

இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு நடராசர். இன்று உலகம் ஆனந்தத் தாண்டவத்தைப் புரிந்துகொண்டிருக்கும் விதத்தை வகுத்தவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. அவருடைய ‘சிவ நடனம்’ கட்டுரை 1912இல் ‘சித்தாந்த தீபிகை’ இதழில் வந்தது. 1918இல் அதே தலைப்பில் நூலாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியில் சேர்ந்திருந்தார். உடுக்கை படைப்பு, அபய கை காப்பு, தீ அழிப்பு, ஊன்றிய கால் மறைப்பு, தூக்கிய திருவடி அருள் என்ற விளக்கத்துக்கு அவர் ஆதாரமாக எடுத்துக்கொண்ட நூல்களில் முக்கியமானது ‘உண்மை விளக்கம்’. அதை எழுதியவர் திருவதிகை மனவாசகங் கடந்தார். பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவதிகையேதான். கடலூர் மாவட்டத்துக்காரர் ஒருவர் தமிழில் சொன்னது, கொழும்புத் தமிழர் ஒருவரின் ஆங்கிலத்தில் ஏறி, பாஸ்டன் வழியாக உலகம் சுற்றி, 2004 முதல் ஜெனீவாவில் செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்து முற்றத்தில் நிற்கும் இரண்டு மீட்டர் உயர நடராசர் வரைக்கும் போயிருக்கிறது. பண்ருட்டியில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

இங்கேதான் கலை வரலாறு தன் சொந்தக் கேள்வியோடு உள்ளே வருகிறது. உண்மை விளக்கம் 13ஆம் நூற்றாண்டு நூல். செம்பியன் மாதேவி தன் கோயில் மாடங்களில் ஆடும் சிவனை நிறுத்தியது பத்தாம் நூற்றாண்டு. நடுவில் கிட்டத்தட்ட 300 ஆண்டு இருக்கிறது. பின்னால் எழுதியதை வைத்து முன்னால் செய்ததற்குப் பொருள் சொல்லலாமா? 1999இல் பத்மா கைமல் என்ற கலை வரலாற்றாளர் ஒரு கட்டுரையில் இதைத்தான் கேட்டார்: பத்தாம் நூற்றாண்டில் அந்த உருவத்தைக் கண்டவர்களுக்குச் சுடுகாட்டில் ஆடும் உக்கிரமும் சோழ அரசகுலத்தின் அடையாளமும் முதலில் தெரிந்திருக்கக் கூடுமே? மறுபக்கமும் பேச ஆள் உண்டு. செம்பியன் மாதேவிக்கு 300 ஆண்டு முன்பே அப்பர் தில்லைக் கூத்தனைப் பாடிவிட்டார். நூலில் எழுத்தாக ஏறுமுன் ஒரு கருத்து பல தலைமுறை வாய்வழியில் வாழ்ந்திருக்கலாம் என்று அவர்கள் சொல்வார்கள். இந்த வழக்கு தீரவில்லை. தீராவிட்டாலும், எந்தச் சாட்சி எந்தக் காலத்தது, எதைக்கொண்டு எதை நிறுவலாம் என்று யோசிக்கக் கற்றுக்கொடுக்கிறது. பட்டிமன்றத் தீர்ப்புக்குக் கைதட்டும் கூட்டத்துக்குத் தீர்ப்பில்லாத வழக்கும் சுவையாகத்தான் இருக்கும், சொல்கிற விதத்தில் சொன்னால்.

இதற்கு அருங்காட்சியகம் எதற்கு, ஏதாவது ஒரு மண்டபம் போதாதா என்று கேட்கலாம். போதாது. பேச்சு பொருளின் பக்கத்தில் நடக்க வேண்டும். நம் மாவட்ட அருங்காட்சியகங்களில் உள்ள செப்புத் திருமேனிகளில் பல, வயலில் ஏர் ஓட்டும்போதும் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும் கிடைத்து, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அரசிடம் வந்து சேர்ந்தவை. அவை கிடைத்த ஊர்க்காரர் பார்க்க வந்தால் பெயரும் உலோகமும் நூற்றாண்டும் எழுதிய ஒரு சிறு அட்டைதான் பதில் சொல்லும். ‘12ஆம் நூற்றாண்டு’ என்று அட்டை சொல்கிறது. அது எப்படித் தெரியும் என்று சொல்வதில்லை. அந்த ‘எப்படித் தெரியும்’ என்பதற்குப் பதில்தான் சொற்பொழிவு. பாரீசில் லூவர் அருங்காட்சியகம் தனக்கென ஒரு கலைப்பள்ளியை 1882இலேயே தொடங்கிவிட்டது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியம், வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல விரிவுரை வழிகாட்டி ஒருவரை 1911இல் அமர்த்தியது. அருங்காட்சியகம் எதற்காகப் பொருளைக் காட்சிக்கு வைக்கிறது என்ற கேள்வியையே தலைப்பாக்கி, 1941இல் அமெரிக்க அருங்காட்சியகத்தாரின் கூட்டத்தில் உரையாற்றியவர் அதே ஆனந்த குமாரசுவாமி. வேடிக்கை காட்டுவது அதன் வேலை இல்லை, கற்பிப்பதுதான் வேலை என்பது அவர் கட்சி. நம் ஊரிலும் மே 18 அருங்காட்சியக நாளிலும் நவம்பர் பாரம்பரிய வாரத்திலும் கண்காட்சியும் பேச்சும் வைப்பது வழக்கம். கண்ணைப் பழக்குவது ஆண்டுக்கொரு நாளில் முடிகிற காரியமா? வீணை கற்பவர் ஆண்டுக்கு ஒரு நாள் வகுப்புக்குப் போனால் என்ன வரும்?

சொற்பொழிவு எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி. காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் மேலக்கடம்பூர்க் கோயிலில் பத்துக் கைகளோடு ஆடும் சிவனின் செப்புத் திருமேனி ஒன்று உண்டு. தில்லைக் கூத்தனின் காலடியில் முயலகன் கிடப்பான். இவர் நந்தியின் முதுகில் ஏறி நின்று ஆடுகிறார். இந்த வார்ப்பு வங்காளத்துப் பாலர் காலத்துப் பாணி. கங்கை வரை போன ராஜேந்திர சோழனின் படையெடுப்போடு சேர்த்து இதன் வரவைச் சொல்வது வழக்கம். முதல் மாலையில் இரண்டு கூத்தர்களின் படத்தையும் அருகருகே வைத்து, பேச்சாளர் பத்து நிமிடம் ஒன்றும் சொல்லாமல், வந்தவர்களையே வேற்றுமை சொல்லச் சொல்லலாம். அடுத்த மாதம் கரணங்கள் என்னும் நடன அசைவுகள். தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் 108இல் 81 கரணங்கள் முடிந்து மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. அங்கே ஆடுவது நான்கு கைச் சிவன். சிதம்பரம் கோபுர வாயில்களில் 108உம் உண்டு. அங்கே ஆடுவது பெண், பக்கத்தில் சிறிய உருவில் வாத்தியக்காரர். கிழக்குக் கோபுரத்தில் சிற்பத்தோடு நாட்டிய சாத்திரச் சுலோகமும் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறது. ஏன் சிவன் போய்ப் பெண் வந்தாள் என்ற ஒரு கேள்விக்கு ஒரு மாலை காணாது. 1936இல் ‘தாண்டவ லட்சணம்’ நூல் சிதம்பரக் கரணங்களைப் படங்களோடு வெளியிட்டது. பத்மா சுப்ரமணியம் கரணங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றதும் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான். பேச ஆள் இல்லை என்ற சாக்கு இந்த மாவட்டத்துக்குப் பொருந்தாது. அருங்காட்சியகக் காப்பாட்சியர், தொல்லியல் துறையினர், பல்கலைக்கழக ஆசிரியர், உளி பிடிக்கும் ஸ்தபதி என்று மாறி மாறிப் பேசலாம்.

எதிர்ப்புகளில் முதலாவது பக்தியின் பெயரால் வரும். சாமியைக் ‘கலைப்பொருள்’ என்பதா, எந்த அரசி செய்வித்தாள், எந்த ஆசாரி செதுக்கினான் என்று ஆராய்வது தெய்வத்தைக் கீழே இறக்குவதாகாதா என்று கேட்பார்கள். இந்தக் கூச்சத்தை மதிக்க வேண்டும். அது பொருளோடு உறவு வைத்திருப்பவர்களின் கூச்சம். ஆனால் கோயிலுக்கே அந்தக் கூச்சம் இருந்ததில்லை. யார் கட்டினார், யார் விளக்குக்கு ஆடு கொடுத்தார், யார் பூந்தோட்டம் வைத்தார் என்பதை அடிப்பீடமான அதிட்டானம் முழுக்க எழுதி வைத்தது கோயில்தான். சிதம்பரம் வடக்குக் கோபுரத்தில் கிருஷ்ணதேவராயரின் உருவத்துக்கு இடம் கொடுத்ததும் கோயில்தான். காலமும் கையும் தெரிந்தால் பக்தி குறையும் என்றால் அந்தக் கல்வெட்டுகள் எதற்கு? விருத்தாசலத்து மாடத்தில் பழைய மூர்த்தி இல்லை என்று கண்டுகொள்ள உதவியிருக்கக் கூடியதும் இதே ஆராய்ச்சிக் கண்தான்.

இரண்டாவது, யார் வருவார்கள் என்பது. 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடக்கிறது; இரவு இரவாக மக்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். சென்னையில் தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளை மாதந்தோறும் கலை வரலாற்றுப் பேச்சு நடத்தி, அதற்கென ஒரு கூட்டத்தையே வளர்த்திருக்கிறது. முதல் மாதம் முப்பது பேர் வந்தாலும் அது தோல்வியல்ல; நாவலர் பிரசங்கமும் முதல் வாரமே ஊரைத் திரட்டியிருக்காது. மூன்றாவது, எல்லாம் யூடியூபில் இருக்கிறதே என்பது. இருக்கிறது, கூடவே, சிதம்பரம் பூமியின் காந்த நடுக்கோட்டின் மையப் புள்ளியில் இருக்கிறது என்ற சேதியும் வாட்ஸப்பில் ஓயாமல் சுற்றுகிறது. காந்த நடுக்கோடு உலகைச் சுற்றி வரும் வளையம். வளையத்துக்கு நடுப்புள்ளி எங்கே இருக்கும்? கூட்டத்தில் ஒருவர் கை தூக்கி இதைக் கேட்டால் அந்தச் சேதி அங்கேயே விழுந்துவிடும். திரைக்கு முன்னால் தனியாக இருப்பவர் கேட்க ஆள் இல்லாமல் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறார். தெரிந்தவர் பேசாத இடத்தில் தெரியாதவர் பேச்சு நிலைத்துவிடும்.

நான்காவது எதிர்ப்பு சற்றுக் கனமானது. எந்தக் கோயிலில் எந்த அரிய சிலை இருக்கிறது என்று மேடை போட்டுச் சொன்னால், அது திருடனுக்கு வழிகாட்டுவதாகாதா? பாதுகாப்பில்லாத சிற்றூர்க் கோயில்களின் செப்புத் திருமேனிகளைப் பற்றிப் பேசும்போது நிதானம் வேண்டும் என்பது உண்மை. அருங்காட்சியகத்துப் பொருளையும் அசைக்க முடியாத கோபுரத்தையும் தூணையும் வைத்தே பல ஆண்டு பேசலாம். ஆனால் அடிப்படைக் கணக்கு வேறு. சிலையின் மதிப்பு திருடியவனுக்கும் வாங்கியவனுக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. கடல் கடந்து விலை பேசும் அளவுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது அடுத்த தெருவில் குடியிருந்தவர்களுக்கு. அறியாமையைக் காவலுக்கு வைத்துத்தான் விருத்தாசலத்தில் தோற்றோம்.

சிதம்பரம் வடக்குக் கோபுர வாயிலில், கரணங்களும் தெய்வங்களும் போக, நான்கு மனிதர்களின் சிறு உருவங்கள் இருக்கின்றன. அரசர்களல்லர், கோபுரம் கட்டிய சிற்பிகள். பெயர் பொறித்திருக்கிறது. ஒருவர் விருத்தகிரியைச் சேர்ந்தவர், அவர் மகன் விசுவமுத்து. இன்னோர் ஆசாரி, அவர் தம்பி காரணாச்சாரி. விருத்தகிரி என்பது விருத்தாசலம்தான். அர்த்தநாரீசுவரரைப் பறிகொடுத்த அதே ஊர், 500 ஆண்டுக்கு முன் தில்லைக்குக் கோபுரம் எடுக்க ஆள் அனுப்பியிருக்கிறது. அந்த வாயில் வழியாக அன்றாடம் எத்தனையோ பேர் செருப்பை விட்டுவிட்டு, தேங்காய்ப் பையோடு, குனிந்த தலையோடு போகிறார்கள். நடக்கப்போகும் சொற்பொழிவுகளின் வெற்றியை அளக்க வேறு கணக்கு வேண்டாம்: மறுநாள் காலை அவர்களில் ஒருவர் அந்த இடத்தில் நின்று, அண்ணாந்து, நான்கு பேரையும் தேடினால் போதும்.